விற்று வாங்கிய பிள்ளை

அமெரிக்க வரலாற்றை நான் இஸ்திரிப் பெட்டியும் கையுமாக நின்று, வயிறு எரிய எரியக் கற்றுக்கொண்டேன். இத்தாலியின் தெற்கே, பலெர்மோ நகரில், லிபெர்த்தா பகுதியில், ஒரு சின்யோராவின், அதாவது வீட்டுக்கார அம்மாவின், சமையலறையில். பாடம் எனக்கு நடக்கவில்லை. சமையலறையிலிருந்து ஒரு நீளமான நடை போகும். நடையின் மறுமுனையில் சாப்பாட்டு அறை. அங்கே பெரிய மேசையில் ஒரு பழைய தேசப்படப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு சின்யோரா என் மகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருப்பார். இரண்டு தலைகளும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்று வெள்ளை, மற்றது கறுப்பு. அந்தக் கறுப்புத் தலைக்குக் காலையில் எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டவள் நான்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சின்யோரா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன் வடக்கே மிலானில் குடும்பத்தோடு இருந்தான், நத்தார் பண்டிகைக்கு மட்டும் வந்து போவான். நான் அங்கே சமையல், துப்புரவு, துணி எல்லாம் பார்த்தேன். என் கணவர் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். நாங்கள் பிரான்காச்சோவில் ஓர் அடுக்குமாடியில் வாடகைக்கு இருந்தோம். பள்ளிக்கூடம் விட்டதும் மகளைத் தனியே பஸ்ஸில் அவ்வளவு தூரம் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதனால் அவள் நேரே சின்யோரா வீட்டுக்கு வருவாள். நானும் அவளும் சமையலறையிலுள்ள சின்ன மேசையில் சோறு சாப்பிடுவோம். பிறகு அவள் அதே மேசையில் வீட்டுப்பாடம் செய்வாள், நான் பக்கத்தில் நின்று துணி மடிப்பேன். அந்தப் பள்ளிக்கூடத்தைப் பார்த்து, தலைமை ஆசிரியரோடு கதைத்து, அவளுக்கு இடம் எடுத்துக் கொடுத்தவரும் சின்யோராதான். எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

மகளுக்கு அது நடுநிலைப் பள்ளியின் கடைசி வருடம். முடிவில் வாய்மொழிப் பரீட்சை ஒன்று வரும். பிள்ளைகள் தாங்களே ஒரு விஷயத்தைத் தெரிவுசெய்து ஆசிரியர்களின் முன்னால் அதைப் பற்றிப் பேச வேண்டும். ஒருநாள் சின்யோரா சமையலறைக்கு வந்தார், மகளின் புத்தகத்தைத் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார், 'அமெரிக்காவை எடு' என்றார். 'அடிமைகளை வைத்துக்கொண்டே ஒரு நாடு எப்படி வளர்ந்தது, வளர வளர எப்படி இரண்டாகப் பிளந்தது என்பதை நான் உனக்குச் சொல்லித் தருகிறேன்.' மகளின் கண்கள் விரிந்தன. எனக்கும் அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது. மறுநாள், தேசப்படத்தை விரிக்கச் சமையலறை மேசை போதாது என்று அவளைச் சாப்பாட்டு அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அடுத்த கிழமை, வெளிச்சம் போதாது என்று படிக்கும் அறைக்கு. அதற்கடுத்து, நேரம் போதாது என்று சனிக்கிழமை பின்னேரங்களையும் கேட்டார். அவருக்குப் போதாது, போதாது என்று எல்லாம் என் பக்கத்திலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது.

ஒளித்து நின்று கேட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சின்யோராவின் குரல் வகுப்பறைக்குப் பழகிய குரல். அது நடையைத் தாண்டி வந்து இஸ்திரிப் பலகையில் நிற்கும். முதலில் கடற்கரையோரமாக ஒட்டிக்கொண்டிருந்த சில மாநிலங்கள். பிறகு பிரான்சிடமிருந்து நடுவில் ஒரு பெருந்துண்டை விலைக்கு வாங்கினார்கள். பிறகு டெக்சாஸைச் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு மெக்சிகோவோடு சண்டை பிடித்து மேற்குக் கடல்வரை போனார்கள்.

'அந்த நிலமெல்லாம் காலியாகக் கிடக்கிறது என்றுதான் அவர்கள் சொல்லிக்கொண்டார்கள்' என்றார் சின்யோரா.

'காலியாகவா இருந்தது?' என்று மகள் கேட்டாள்.

'இல்லை. அங்கே ஆட்கள் இருந்தார்கள். இருந்தவர்களைத் துரத்திவிட்டுத்தான் காலி என்றார்கள்.'

நான் அன்று ஒரு தலையணை உறையைக் கருக்கிவிட்டேன். என் இத்தாலிய மொழி கடைக்கும் குசினிக்கும் போதுமான மொழி, யாராவது 'கிராசியே' என்று நன்றி சொன்னால் 'பிரேகோ', பரவாயில்லை, என்று திருப்பிச் சொல்லுமளவு. ஆனால் இந்தப் பாடம் மட்டும் எனக்குச் சொல்லுக்குச் சொல் விளங்கியது. பொறாமைக்கு அப்படி ஒரு காது உண்டு.

புதிதாக ஒரு நிலம் சேரும்போதெல்லாம் அங்கே ஒரே சண்டை வருமாம். இதில் அடிமை வைத்திருக்கலாமா, வைத்திருக்கக் கூடாதா? சண்டையை அடக்க மிசூரிக்குக் கீழே படத்தில் ஒரு கோட்டைக் கிழித்தார்கள். கோட்டுக்குத் தெற்கே வைத்திருக்கலாம், வடக்கே கூடாது. கொஞ்சக் காலம் அந்தக் கோடு நின்றது. நானும் மனதுக்குள் ஒரு கோடு கிழித்துக்கொண்டேன். நடை முடியுமட்டும் என்னுடையது, அதற்கு அப்பால் சின்யோராவுடையது. பாடம் எத்தனை மணிக்கு முடிந்தாலும் பிள்ளை நடையைத் தாண்டி என்னிடம் திரும்பி வரவேண்டும். அவள் வருவாள். ஆனால் வந்து நின்று, 'அம்மா, நீங்கள் கொட்டாவி விடேக்கை கையாலை வாயைப் பொத்துங்கோ' என்று சொல்வாள். அது யாருடைய புத்திமதி என்று நான் கேட்கத் தேவையில்லை.

பஸ்ஸிலும் அமெரிக்காதான். ஒருநாள் திடீரென்று கேட்டாள்.

"அம்மா, இலங்கையிலை நாங்கள் நோர்த்தோ சவுத்தோ?"

"நோர்த்."

"அப்ப நாங்கள் நல்ல ஆக்கள் என்ன?"

"ஆர் சொன்னது?"

"அமெரிக்காவிலை நோர்த்திலைதான் அடிமை இல்லை. ஆனா இத்தாலியிலை நாங்கள் சவுத். மிலான்காரர் எங்களைக் குறைவாத்தான் பாக்கிறவையாம். சின்யோரா சொன்னவ."

"சின்யோரா சொன்னவ, சின்யோரா சொன்னவ. வேறை கதை இல்லையோ உன்னட்டை?"

அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பக்கத்தில் இருந்த கிழவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். என் கோபத்துக்கு எந்த ஊரிலும் மொழிபெயர்ப்பு தேவைப்படுவதில்லை.

சப்பாத்து விஷயம் அதைவிட மோசம். பரீட்சைக்குப் போட நான் சந்தையில் ஒரு சோடி வாங்கி வைத்திருந்தேன். நல்ல சப்பாத்து, கறுப்பு நிறம், கொஞ்சம் பெரிது, பஞ்சு வைத்தால் காலுக்குச் சரியாகிவிடும். சின்யோரா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார். சனிக்கிழமை கடைத்தெருவுக்கு, வியா மக்வேதாவுக்குப் போவோம் என்றார். போனோம். அவர்கள் இரண்டு பேரும் கைகோர்த்துக்கொண்டு முன்னால் நடந்தார்கள், நான் பைகளோடு பின்னால். ஒரு கடையில் சின்யோரா முழங்காலை மடித்து, அந்த வயதில், சிரமப்பட்டுக் குனிந்து, சப்பாத்தின் முன்பக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். கடைக்காரப் பெண் மகளைப் பார்த்து, 'நோன்னாவுக்கு உன்னில் எவ்வளவு பிரியம்' என்றாள். நோன்னா என்றால் பாட்டி. மகள் திருத்தவில்லை. சின்யோராவும் திருத்தவில்லை. நான்தான் பின்னால் நின்று, 'மம்மா நான்' என்று கொஞ்சம் உரக்கச் சொன்னேன். கடைக்காரப் பெண் என் கையிலிருந்த பைகளைப் பார்த்துச் சிரித்தாள்.

அன்று திரும்பி வந்து தேநீர் வைக்கும்போதுதான் சின்யோரா அந்தப் பேச்சை எடுத்தார். மகளை அடுத்ததாக நல்ல லிசேயோவில், மேல்நிலைப் பள்ளியில், சேர்க்க வேண்டும். அது இங்கிருந்து கூப்பிடு தூரம். பிரான்காச்சோவிலிருந்து பஸ் பிடித்து வந்தால் குளிர்காலத்தில் இருட்டோடு புறப்பட வேண்டும், பிள்ளை வகுப்பில் தூங்கி விழும். கிழமை நாட்களில் இங்கேயே தங்கட்டும், சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வரட்டும். 'மகனுடைய அறை காலியாகத்தானே கிடக்கிறது' என்றார்.

காலியாகக் கிடக்கிறது. எனக்குத் தெரிந்த சொல். நடை முழுவதும் நான் கேட்டுக்கொண்டிருந்த சொல்.

ஒன்றை உடைத்துச் சொல்கிறேன். மகள் நன்றாகப் படிக்க வேண்டும் என்பதில் எனக்குச் சின்யோராவைவிட ஆசை அதிகம். இருட்டுப் பஸ்ஸில் அவளை அனுப்ப எனக்கும் மனமில்லை. ஆனால் சின்யோரா யோசிக்காத ஒன்றை நான் அந்தத் தேநீர்க் கோப்பை கையில் இருக்கும்போதே பார்த்துவிட்டேன். அவள் அந்த வீட்டில் தங்கினால், விடிந்ததும் நான் அங்கே வேலைக்குப் போவேன். அவள் கட்டிலை நான் விரிப்பேன். அதில் ஒன்றுமில்லை, எந்தத் தாயும் செய்வதுதான். ஆனால் மத்தியானம் அவள் பெரிய மேசையில் சின்யோராவோடு உட்காருவாள். நான் சமையலறையிலிருந்து தட்டைக் கொண்டுபோய் அவர்கள் முன்னால் வைப்பேன். நான் பெற்ற பிள்ளைக்கு நான் வேலைக்காரி. கோடு நடையில் இருக்காது, எனக்கும் அவளுக்கும் நடுவில் விழும். யோசித்துச் சொல்கிறேன் என்று சின்யோராவிடம் சொன்னேன். யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

திங்கட்கிழமை கணவருடைய உணவகம் பூட்டு. அன்று இரவு மூன்று பேரும் ஒன்றாக இருந்து சாப்பிடுவோம். மகள் ஏலத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். சந்தையில் ஒரு மேடை இருக்குமாம். அதில் ஆட்களை ஏற்றி நிறுத்தி, பல்லைப் பார்த்து, தோளைப் பார்த்து விலை பேசுவார்களாம். தாயை ஒருவன் வாங்குவான், பிள்ளையை வேறொருவன் வாங்குவான். தெற்கே புதிதாகப் பிடித்த நிலங்களில் பருத்தி போட ஆட்கள் தேவைப்பட்டதால், மேலே இருந்த மாநிலங்களிலிருந்து பிள்ளைகளைப் பிரித்துப் பிரித்து விற்றார்களாம். சொல்லச் சொல்ல அவள் சோற்றைப் பிசைந்தாளே தவிர வாயில் வைக்கவில்லை. அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்தோ என்னவோ, என் கணவர் மீன்முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னார்.

"உன்னையும் வித்ததுதானே. கேட்டுப் பார் கொம்மாவை."

எனக்குப் புரைக்கேறியது. மகள் கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"மெய்யே அம்மா? ஆருக்கு?"

"அம்மாளாச்சிக்கு" என்றேன். "நேர்த்திக்கு வித்தது. எல்லாரும் செய்யிறது. சாப்பிடு."

ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அவளுக்கு முந்திய இரண்டும் எனக்குத் தங்கவில்லை. மூன்றாவதாக இவள் பிறந்து, மூச்சு இழுக்கத் தொடங்கியபோது, பிள்ளையைக் கோயிலில் விற்று வாங்கச் சொன்னார்கள். அம்மன் சந்நிதியில் ஒரு துணியை விரித்து அவளைக் கிடத்தினேன். ஐயர் தூக்கிக்கொண்டார். முன்வீட்டுக்காரி, பிள்ளைகள் எல்லாம் தங்கி வீடு நிறைந்தவள், தட்டில் காசு போட்டு ஐயரிடமிருந்து அவளை வாங்கினாள். பிறகு என் கையில் தந்து, "இது அம்மாளாச்சியின்ரை பிள்ளை, நான் வாங்கின பிள்ளை, உன்னட்டை வளக்கத் தாறன்" என்றாள். அதற்குப் பிறகு நான் 'என் பிள்ளை' என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது. விதி கேட்டுக்கொண்டிருக்குமாம். ஆனால் முன்வீட்டுக்காரி சொல்லலாம். அவள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "என்ரை பெட்டை எங்கை?" என்று கத்துவாள். இவள் தவழ்ந்து தவழ்ந்து வேலியடிக்குப் போவாள். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வரும். பெற்றவள் வாயைப் பொத்திக்கொண்டிருக்க, காசு போட்டவள் கொஞ்சுகிறாள். பொறாமை எனக்குப் பலெர்மோவில் வந்த நோய் இல்லை.

மகளுக்கு அந்தக் கதை நன்றாகப் பிடித்துவிட்டது. வரலாற்றில் தனக்கும் ஓர் இடம் கிடைத்த மாதிரி. மறுநாள் பின்னேரம் படிக்கும் அறையிலிருந்து அவள் குரல் கேட்டது. "அங்கியோ சோனோ ஸ்தாத்தா வெந்தூத்தா." நானும் விற்கப்பட்டவள்தான் என்று, பெருமையாக. சின்யோராவின் கதிரை பின்னால் இழுபடுவது கேட்டது.

கொஞ்ச நேரத்தில் சின்யோரா வந்து என்னைக் கூப்பிட்டார். நடையால் கூட்டிக்கொண்டுபோய், விருந்தினர் அறைக் கதவைச் சாத்தி, மஞ்சள் சோபாவில் என்னை இருக்கச் சொன்னார். அந்தச் சோபாவை நான் பலதடவை தூசு தட்டியிருக்கிறேன், ஒருநாளும் அதில் இருந்ததில்லை. அவருடைய முகம் வெளிறியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

'பிள்ளையை விற்றது உண்மையா?'

'உண்மை' என்றேன்.

'யார் விற்றது?'

'நான்.'

'யாருக்கு?'

அம்மனுக்கு இத்தாலிய மொழியில் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. மாதாவும் கிட்டத்தட்ட அதுதான் என்று நினைத்து, 'மதோன்னாவுக்கு' என்றேன்.

சின்யோரா ஒருகணம் கண்ணை மூடித் திறந்தார். 'காசு வாங்கினாயா?'

'நான் வாங்கவில்லை. பாதிரியார் வாங்கினார். முன்வீட்டு சின்யோரா கொடுத்தா.'

'அந்தப் பெண் இப்போது பிள்ளையைக் கேட்கிறாளா?'

நான் நேர்மையாகப் பதில் சொன்னேன். 'எப்போதும் கேட்பாள். தன்னுடைய பிள்ளை என்றுதான் சொல்லுவாள்.'

சின்யோரா என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். 'பயப்படாதே. நானே உன்னோடு குவெஸ்தூராவுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் சொல்லிவிடலாம்.'

குவெஸ்தூரா என்றால் பொலிஸ் தலைமையகம். பெர்மெஸ்ஸோவை, வதிவிட அனுமதியை, புதுப்பிக்க அங்கே வரிசையில் நின்ற எந்தத் தமிழருக்கும் அந்தச் சொல்லே போதும். சோபாவிலிருந்து துள்ளி எழுந்து, "பிள்ளை, இஞ்சை ஓடி வா!" என்று கத்தினேன்.

மகள் வந்தாள். நான் தமிழில் அவிழ்த்துவிட்டேன். நேர்த்தி, கோயில், ஐயர், முன்வீட்டுக்காரி, எல்லாவற்றையும் இந்த மனுசிக்கு விளங்கச் சொல்லு என்றேன். அவள் சின்யோராவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, என்னைப் பார்த்தபடி, அழகான இத்தாலிய மொழியில் விளக்கினாள். எனக்கு அந்தப் பேச்சில் ஒரு குறையும் தெரியவில்லை, ஒரு சொல்லைத் தவிர. 'பெர் ஃபிந்தா' என்றாள். சும்மா, பொய்க்கு, விளையாட்டுக்கு. சின்யோராவின் தோள்கள் இறங்கின. 'ஆ, பெர் ஃபிந்தா!' என்று மூச்சு விட்டார்.

"பொய்க்கு இல்லை!" என்றேன் நான். "அவவுக்குச் சொல்லு, பொய்க்கு இல்லை. மெய்யா வித்தனான்."

"அம்மா, விடுங்கோ. அவவுக்கு இப்பதான் விளங்கியிருக்கு."

"வேரோ!" என்று நானே சின்யோராவைப் பார்த்துச் சொன்னேன். "வேரோ, வேரோ!"

உண்மை, உண்மை என்று நான் ஏன் நின்று கத்தினேன் என்று அவர்கள் இரண்டு பேருக்கும் விளங்கவில்லை. என் மானத்தையும் வேலையையும் காப்பாற்ற அந்தப் 'பொய்க்கு' போதும். ஆனால் அன்று சந்நிதியில் ஐயர் அவளைத் தூக்கியபோது என் கைகள் இரண்டும் வெறுமையாக நின்றதை நான் எப்படிப் பொய் என்பேன்? பால் கட்டிச் சட்டை நனைந்தது. அவள் அழுதாள், நான் தொடக் கூடாது. முன்வீட்டுக்காரி தட்டில் காசு போட்டுவிட்டு என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துச் சிரித்தாள். தராமலே போய்விடுவாளோ என்று நான் நினைத்தேன். விளையாட்டுக்குச் செய்பவர்களுக்கு அப்படி நெஞ்சு பதறாது. என் பிள்ளை உயிரோடு இருப்பதற்கு நான் கொடுத்த விலை அந்தப் பதற்றம். இதைச் சொல்ல எனக்கு இத்தாலிய மொழி இல்லை. மகளுக்குச் சொல்லலாம் என்றால், அவள் சின்யோராவின் பக்கத்தில் நின்றாள்.

சின்யோரா அழுகையும் சிரிப்புமாக இருந்தார். என்னைக் கட்டிக்கொண்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, சின்ன மேசையில் கண்ணாடிக் கிண்ணத்தில் கிடந்த சில்லறையில் ஒரு நாணயத்தை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

'அப்படியென்றால் எனக்கும் அவளை விற்றுவிடேன். கிழமை நாட்களுக்கு மட்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் நீ திருப்பி வாங்கிக்கொள்.'

அவர் பகிடிக்குச் சொன்னார். அன்போடும் சொன்னார். தன் வீட்டுத் தனிமையைத்தான் அந்தக் கையில் நீட்டுகிறார் என்பதும் எனக்குத் தெரிந்தது. மாதக்கணக்காக அந்த மேசையில் இருந்து மனிதரை மனிதர் விற்பதைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தவருக்குத் தன் கையைக் குனிந்து பார்க்கத் தோன்றவில்லை. மகள் சிரித்தாள். அவள் சிரித்திராவிட்டால் நானும் ஒருவேளை சிரித்துச் சமாளித்திருப்பேன்.

'நோ, சின்யோரா' என்றேன். அந்த வீட்டில் நான் சொன்ன முதல் நோ. 'விற்பனைக்கு இல்லை. இங்கே தங்கவும் மாட்டாள்.'

சின்யோரா நாணயத்தைக் கிண்ணத்திலேயே போட்டார். கன்னம் சிவந்திருந்தது. நான் சமையலறைக்குப் போய்க் கழுவின பாத்திரங்களையே திரும்பக் கழுவினேன்.

பஸ்ஸில் மகள் என்னை விட்டுத் தள்ளிப்போய் இருந்தாள். பிரான்காச்சோவில் இறங்கி, பட்டறைகளைத் தாண்டி, படியேறி, வீட்டுக் கதவைத் திறக்குமட்டும் எனக்கு முன்னால் நடந்தாள். கதவைச் சாத்தினதும் வெடித்தாள்.

"கன்சாஸிலை என்ன செய்தவங்கள் தெரியுமோ உங்களுக்கு?"

"எனக்கென்னத்துக்குக் கன்சாஸ்?"

"புதுசா நிலம் பிடிச்சவங்கள். அங்கை அடிமை வைக்கிறதோ இல்லையோ எண்டு குடியேறின வெள்ளைக்காரரிட்டை வோட்டுக் கேட்டவங்கள். அவைக்குள்ளை அடிபிடி, வெட்டுக்குத்து. ஆனா அந்த அடிமையளிட்டை ஒருத்தரும் கேக்கேல்லை. நீங்கள் வேண்டாம் எண்டுறீங்கள், சின்யோரா வேணும் எண்டுறா, அப்பா ரெண்டுக்கும் தலையாட்டுறார். என்னட்டை ஆரும் கேட்டனீங்களோ?"

கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. அவள் அசையாமல் நின்றாள். அந்தத் துணிவு என்னுடையது, அதை மட்டும் எந்தச் சின்யோராவும் சொல்லிக் கொடுக்கவில்லை. கையை இறக்கினேன்.

"சரி. கேக்கிறன். உனக்கு என்ன விருப்பம்?"

நான் எதிர்பார்த்த மறுமொழி ஒன்று இருந்தது. தாய் தானாக இறங்கி வந்து கேட்டால் பிள்ளை மனம் இளகும் என்று நினைத்தேன்.

"போறன்" என்றாள்.

"போறன் எண்டு சொல்லக் கூடாது. போட்டு வாறன் எண்டு சொல்லு."

"அதைத்தானே சொல்லுறன்."

கணவர் வேலை முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "கேட்டனீர்தானே? இனிப் பொறும்" என்றார். அவருக்கு எப்போதும் இரண்டு சொல்லில் முடிந்துவிடும். கேட்டது என் பிழை. கேட்காமலே இருந்திருந்தால் நான் இன்னும் சொந்தக்காரியாக இருந்திருப்பேன். கேட்டுவிட்டு மறுமொழியைத் தள்ளிப்போட எனக்கு வராது, எனக்குக் கோபம் வருமே தவிரக் கள்ளம் வராது. அடுத்த நாள் சின்யோராவிடம் போய், 'சரி, தங்கட்டும்' என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். 'தரை கழுவ வேண்டும், கதிரைகளைத் தூக்குங்கள்' என்றேன்.

பரீட்சையன்று சின்யோராவும் நானும் வகுப்பின் பின்வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். மகள் புதுச் சப்பாத்தோடு எழுந்து நின்று பேசினாள். வாங்கிய நிலம், பிடித்த நிலம், கிழித்த கோடு, பருத்தி, ஏலமேடை, கடைசியில் நாடே இரண்டாகப் பிரிந்து அண்ணனும் தம்பியும் எதிரெதிரே நின்ற போர். எனக்கு எல்லாம் மனப்பாடம். அடுத்த வசனம் என்ன என்றுகூடச் சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவை அவள் நிறுத்தி மூச்சு விடும்போதும் பின்வரிசையைப் பார்த்தாள், சின்யோரா மெதுவாகத் தலையசைத்தார். நானும் தலையசைத்தேன், அவரைவிடப் பலமாகவே. அவள் என் பக்கம் பார்த்தாளா, அவர் பக்கம் பார்த்தாளா என்று அவ்வளவு கிட்ட இருந்துகொண்டு பிரித்துச் சொல்ல முடியவில்லை. மிக நல்ல புள்ளி வந்தது. சின்யோரா எழுந்து நின்று அழுதார். நான் அழவில்லை. அவருக்குக் கைக்குட்டை எடுத்துக் கொடுத்தேன்.

புரட்டாசியில் லிசேயோ தொடங்கியது. அதற்கு முதல்நாள், ஞாயிற்றுக்கிழமை, அவளைக் கொண்டுபோய் விட்டு, அவளுடைய உடுப்புகளை அந்த அறையின் அலுமாரியில் நானே அடுக்கினேன். திங்கட்கிழமை வழக்கம்போல் வேலைக்குப் போனேன். அவளுடைய கட்டிலை விரித்தேன். தலையணையை முகர்ந்து பார்த்தேன், சின்யோரா வீட்டுச் சவர்க்காரம்தான் மணத்தது. அதுவும் நான் தோய்த்த உறைதான்.

மத்தியானம் அவள் பள்ளியால் வந்தாள். 'அம்மா, சரியான வெக்கை' என்று நடையிலேயே கத்திவிட்டு முகம் கழுவப் போனாள். நான் பெரிய மேசையில் விரிப்பைப் போட்டு இரண்டு தட்டு வைத்தேன். சின்யோரா வந்து பார்த்து, 'மூன்றாவது தட்டையும் வை, நீயும் எங்களோடு இரு' என்றார். மனதாரத்தான் சொன்னார். 'அடுப்பில் வேலை இருக்கிறது' என்றேன். அடுப்பு அணைந்திருந்தது. அவர் சொல்லி நான் உட்கார்ந்தால், என் பிள்ளையின் பக்கத்தில் இருக்கவும் அவருடைய அனுமதி வாங்கியவளாகிவிடுவேன் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கத்தரிக்காய் போட்ட பாஸ்தா. இரண்டு கையிலும் தட்டோடு நடையால் போனேன். முதலில் சின்யோராவுக்கு வைத்தேன். பிறகு சுற்றிக்கொண்டு மற்றப் பக்கம் போய் மகளுக்கு வைத்தேன். அவள் வகுப்பில் பக்கத்தில் இருக்கும் பிள்ளையைப் பற்றிச் சின்யோராவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். பேச்சை நிறுத்தாமலே, எனக்கு இடம் விட்டு முழங்கையை மெல்ல ஒதுக்கினாள். தட்டு மேசையில் பட்டதும் ஒருகணம் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்து, மிகவும் மரியாதையாக, 'கிராசியே' என்றாள்.

'பிரேகோ' என்றேன்.